முதலாளிகள் மூவரும் லிஃப்டில் இருந்தபோது

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு நாள், முடிவெடுக்கும் அதிகாரம் மொத்தமும் தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் சொல்வதற்கு என்னிடம் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. அந்த ஒரு நாளைச் சொல்கிறேன். மற்றதை எல்லாம் உங்கள் பாடப்புத்தகம் நன்றாகவே சொல்லியிருக்கும்.

நான் 1993-ல் விழுப்புரத்தில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்தவள். சில வருடங்களில் திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு மாறினேன். அங்கேயே படிப்படியாக மேனேஜர் ஆனேன். ஆனாலும் கடைசிவரை எல்லோருக்கும் நான் சிஸ்டர்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து கன்னியாஸ்திரி ஒருவரோடு நின்று பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது "சிஸ்டர்" என்று கூப்பிட்டால் நாங்கள் இருவரும் சேர்ந்தே திரும்புவோம்.

அந்த ஆஸ்பத்திரிக்கு முதலாளிகள் மூன்று பேர். முதலாமவர் அதை ஆரம்பித்த பெரிய டாக்டர். இரண்டாமவர் சர்ஜன், பெரிய டாக்டரிடம் தொழில் பழகிப் பிறகு பங்குதாரர் ஆனவர். மூன்றாமவர் அனந்தபுரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எண்ணெய் மில் வைத்திருந்தவர். கட்டடம் எழுப்பப் பணம் போட்டவர் அவர்தான். நாங்கள் அவரை மில்லு ஐயா என்போம். தனித்தனியாகப் பார்த்தால் மூவருமே நல்ல மனிதர்கள். ஒன்றாகப் பார்க்கும் வாய்ப்புத்தான் அபூர்வம்.

அவர்களுக்குள் சண்டை வந்தது பெயர்ப் பலகையால். யார் பெயர் முதலில் என்பதில் ஆரம்பித்து, யார் பெயருக்கு எழுத்து பெரியது என்பதில் முற்றி, கடைசியில் பலகையில் ஒருவர் பெயரும் இல்லாமல் போனது. அதற்குப் பிறகு ஒரு விதி போட்டார்கள். எதைச் செய்வதானாலும் மூவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். எதை என்றால், எதையும். ஒரு முறை பினாயில் தீர்ந்துவிட்டது. எந்த வாசனையில் வாங்குவது என்று மூவரும் ஒத்துவருவதற்குள் நோயாளிகளின் சொந்தக்காரர்களே வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்து துடைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மூவரும் தகராறில்லாமல் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்று. எங்களுக்கு நேர் எதிரில், ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு டாக்டர் கிளினிக் வைத்திருந்தார். முன்பு எங்களிடம் இருந்தவர். கோபித்துக்கொண்டு போனவர் ஊருக்கு வெளியே போகாமல் எதிரிலேயே கடை போட்டுவிட்டார். அவர் எங்கள் வாசற்படியை மிதிக்கக் கூடாது என்பது தீர்மானம். தானும் மிதிப்பதில்லை என்று அவரும் சபதம் எடுத்திருந்ததாகக் கேள்வி.

இனி அந்த நாள். மின்வெட்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத வருடங்கள் அவை. மூன்றாவது மாடியில் முதலாளிகள் கூட்டம். இப்படியே போனால் ஆஸ்பத்திரியை மூட வேண்டியதுதான், யாராவது ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்டுக் கூட்டிய கூட்டம். மூவரும் ஒரே நேரத்தில் லிஃப்ட் வாசலுக்கு வந்தார்கள். நான்கு பேருக்கான லிஃப்ட். ஓமந்தூரிலிருந்து வந்த ஒரு அம்மா, குடலிறக்க ஆபரேஷன் ஆன புருஷனுக்காகத் தூக்குவாளியில் கேப்பைக் கூழோடு ஏற்கெனவே உள்ளே நின்றிருந்தார். முதலாளிகளில் யாராவது ஒருவர் படியில் போயிருக்கலாம். போனால் விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். அதனால் மூவரும் ஏறினார்கள். நான் படியில் ஏறினேன்.

முதல் மாடிக்கு நான் வந்து சேரும்போது கரண்ட் போனது.

பழைய மாதிரி மடக்குக் கதவு போட்ட லிஃப்ட் அது. நேராக வந்து நின்றால்தான் வெளிக்கதவு திறக்கும். எனக்குத் தெரிந்ததெல்லாம் கம்பிக் கதவுக்குப் பின்னால் தரையோடு தரையாக நான்கு தலைகள். என் செருப்பு உயரத்தில் என் முதலாளிகள் மூவரும் நின்றிருந்தார்கள். அவர்களோடு பேச வேண்டுமானால் மரியாதைக்காகவாவது நான் தரையில் குப்புறப் படுக்க வேண்டியிருந்தது.

"சிஸ்டர், ஜெனரேட்டரப் போடச் சொல்லுமா," என்றார் மில்லு ஐயா.

"சாவி உங்ககிட்டதான் இருக்குதுங்க ஐயா," என்றேன்.

டீசல் திருட்டுப் போகிறது என்று சந்தேகப்பட்டு, ஜெனரேட்டர் அறையை இரும்புக் கதவு போட்டுப் பூட்டி, சாவியை அவர் தன் அரைஞாண் கயிற்றில் கட்டி வைத்திருந்தார். இன்னொரு சாவி அவர் வீட்டுப் பீரோவில் இருந்தது. பீரோவின் சாவியும் அதே கயிற்றில்தான். ஒரு பெண்பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது சட்டையைத் தூக்க அவருக்குக் கூச்சம். ஓமந்தூர் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எங்கூட்டுக்காரரு பசியோட படுத்துக்கினு இருக்காரு, ஜல்தியா அவுருய்யா என்று சுவரிடம் சொன்னார். முடிச்சு அவிழவில்லை. நான் கத்தரிக்கோல் கொண்டுவந்து கம்பி வழியாக நீட்டினேன். யார் வெட்டுவது என்று பெரிய டாக்டரும் சர்ஜனும் கொஞ்ச நேரம் விவாதித்தார்கள். ஆபரேஷன் செய்கிறவர் என்ற முறையில் சர்ஜனே வெட்டினார். வெட்டிய வேகத்தில் சாவிக்கொத்து லிஃப்டுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் விழுந்து, அடியில் இருந்த பள்ளத்தில் போய்ச் சேர்ந்தது. விழுந்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

பூட்டை அறுக்க வெல்டிங் கடைக்காரரைக் கூட்டிவந்தோம். அவர் பூட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, அறுக்கிற மிஷினுக்குக் கரண்ட் எங்கே என்று கேட்டார். லிஃப்ட் கம்பெனிக்குப் போன் செய்தால், மெக்கானிக் பாண்டிச்சேரியிலிருந்து கிளம்பி வர வேண்டும் என்றார்கள். சரி, காத்திருப்போம், உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லை என்று நினைத்தேன். மூவருக்கும் தாகம். தண்ணீர் டம்ளர் கம்பிக்குள் நுழையவில்லை. சலைன் ஏற்றுகிற குழாயின் ஒரு முனையைத் தண்ணீர் பாட்டிலில் சொருகி, மறுமுனையை உள்ளே விட்டோம். பெரிய டாக்டர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார். இந்தத் தொழிலில் நான் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். அதைப் போல் ஒன்றைப் பார்த்ததில்லை.

அப்போதுதான் கீழே சத்தம் கேட்டது.

பக்கத்துக் கிராமத்தில் ஒரு கல்யாணம். பிள்ளையார் கோயிலிலிருந்து மாப்பிள்ளையை பேண்டு வாத்தியத்தோடு மண்டபத்துக்கு அழைத்துப் போகும்போது அரசமரத்தடியில் சரவெடி கொளுத்தியிருக்கிறார்கள். மரத்தில் மலைத்தேன் கூடு இருந்ததை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. ஊர்வலம் மொத்தமும் ஷேர் ஆட்டோவிலும், டிராக்டரிலும், பேண்டு செட்டின் வேனிலும் ஏறி எங்களிடம் வந்துவிட்டது. முகம் வீங்கி, கண் மூடி, உதடு தடித்து, யார் யாரென்று அவர்களுக்கே தெரியவில்லை. துணி மடிப்புக்குள் உட்கார்ந்து சில தேனீக்களும் கூடவே வந்திருந்தன. எங்கள் வார்டு ஆட்கள் பாதிப் பேர் எக்ஸ்ரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

டூட்டியில் இருந்தது ஒரே ஒரு டாக்டர். படிப்பு முடிந்து புதிதாகச் சேர்ந்த பெண், எங்களுக்குச் சின்ன டாக்டர். கெட்டிக்காரி. ஆனால் இரண்டு கைகள்தான் அவளுக்கும். பெரியவர்கள் இருவரும் லிஃப்டில். தேனீக் கொட்டு பெரும்பாலானவர்களுக்கு வலிதான். ஆனால் சிலருக்குத் தொண்டை வீங்கி அடைத்துக்கொள்ளும். அப்படியானால் நேரம் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றால், போய்ச் சேரும் வரை தாங்காதவர் எவர் என்று பிரித்துப் பார்க்கவே இன்னொரு டாக்டர் வேண்டும். அந்த இன்னொரு டாக்டர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

நான் படியேறி ஓடி, முதல் மாடியில் தரையில் படுத்து, விஷயத்தைச் சொன்னேன். எதிர் கிளினிக் டாக்டரைக் கூப்பிடலாமா என்று கேட்டேன். பெரிய டாக்டர், எந்த ஊசியை முதலில் போட வேண்டும், யாரை முதலில் பார்க்க வேண்டும் என்று மளமளவென்று சொன்னார். சொல்லி முடித்து, அந்த ஆள் மட்டும் என் கட்டடத்துக்குள் வரக் கூடாது என்றார். உடனே சர்ஜன், தாராளமாகக் கூப்பிடுங்கள் என்றார். அதில் நோயாளிகள் மேல் அக்கறை எவ்வளவு, பெரிய டாக்டர் மேல் கோபம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. வருவதற்கு அவர் என்ன கேட்பார் என்று முதலில் விசாரிக்கச் சொன்னார் மில்லு ஐயா. மூவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நடுவில் ஓமந்தூர் அம்மா காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் எழுந்து நின்றேன்.

"சிஸ்டர், நான் சொன்ன ஊசி கேட்டுச்சா?" என்றார் பெரிய டாக்டர்.

"கேட்டுச்சிங்க சார்."

"அந்தாளக் கூப்பிடக் கூடாதுன்னு சொன்னது?"

"அது கேக்கலைங்க சார். கரண்ட் இல்ல."

"கரண்டுக்கும் காதுக்கும் இன்னாமா சம்பந்தம்?"

அதற்குள் நான் பாதிப் படி இறங்கிவிட்டேன். இளையவர்களே, இதை நான் சாமர்த்தியம் என்று சொல்ல வரவில்லை. வேலை போய்விடும் என்று நிச்சயமாகத் தெரிந்தது. மேலே இருப்பவர்கள் மூன்று விதமாகச் சொன்னால் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்க முடியாது என்பது மட்டும் அந்தப் படியில் புரிந்தது.

எதிர் கிளினிக் டாக்டர் தன் வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். வண்டிகள் வந்ததிலிருந்தே நின்றிருக்கிறார். நான் ரோட்டைக் கடப்பதைப் பார்த்ததும் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"உங்க பெரியவரு எங்க?" என்றார்.

"லிஃப்ட்டுல இருக்காருங்க."

"மேலயா, கீழயா?"

"நடுவுலங்க."

அவர் தன்னிடமிருந்த ஆக்சிஜன் சிலிண்டரை வாசலில் நின்ற இளநீர் வண்டியில் ஏற்றி, இளநீர்க்காரரையும் தள்ளச் சொல்லி, எங்கள் வாசற்படியை மிதித்தார்.

உள்ளே எங்களிடம் இருந்த ஒரே சிலிண்டர் ஜன்னலோரக் கட்டிலில் மாட்டியிருந்தது. கட்டிலில் கோட்டும் சூட்டுமாக ஒருவர். முகம் பூசணிக்காய் போல் இருந்தது. மாப்பிள்ளை. அவரைச் சுற்றி ஒரு கூட்டம். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். தாய்மாமன் எங்கள் சின்ன டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வேறெங்கும் நகரவிடவில்லை. மொதல்ல மாப்பிள்ளையப் பாரு, மத்ததெல்லாம் அப்புறம் என்று மிரட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஆட்கள் இருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஏதாவது ஆனால் கண்ணாடி ஒன்று மிஞ்சாது என்பது அவர்கள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

கோட்டுப் போட்டவர் கட்டிலில் கிடந்து பெருங்குரலில் அலறிக்கொண்டிருந்தார். தடித்த உதட்டால் ஏதோ சொல்ல முயன்றார். யாருக்கும் விளங்கவில்லை.

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. அலறுவதற்கு மூச்சு வேண்டும். நான் அலறாதவர்களைத் தேடினேன். தூணுக்குப் பின்னால் பேண்டு செட்டுக்காரர்களின் நடுவில், ஒரு பெரிய மேளத்தில் சாய்ந்து, வெறும் பனியனோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். சத்தம் இல்லை. கழுத்து மட்டும் இழுத்து இழுத்து வாங்கியது. உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. அவன் மேல் யார் கண்ணும் இல்லை.

எதிர் கிளினிக் டாக்டரின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். அவர் பார்த்த மாத்திரத்தில் ஊசியைத் தொடையில் இறக்கினார். இளநீர் வண்டியில் வந்த சிலிண்டரைத் திறக்க முடியவில்லை. கொண்டுவந்த அவசரத்தில் திறக்கிற சாவியைக் கிளினிக்கிலேயே விட்டுவிட்டார்கள். ஒருவர் திரும்ப ஓடினார். அதுவரை அவன் தாங்குவானா என்று நான் கேட்கவில்லை. டாக்டரின் முகத்தைப் பார்த்தேன். போதும்.

ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனேன். மாப்பிள்ளையின் மூக்கில் இருந்த குழாயைக் கழற்றினேன்.

தாய்மாமன் என் எதிரில் வந்து நின்றுவிட்டார். "பேண்டுக்காரனுக்கு மாட்டறதுக்கா மாப்பிள்ள மூக்குலேர்ந்து புடுங்குற?"

"ஆமாங்க," என்றேன். "இவரு கத்துறாரு. அவரால கத்த முடியல."

அவர் கை ஓங்கினார். அடித்திருப்பார் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். சின்ன டாக்டர் அந்த ஓங்கிய கையின் கீழாகவே புகுந்து, சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய்விட்டாள். தன் வெள்ளைக் கோட்டை அவர் பிடியிலேயே கழற்றி விட்டுவிட்டுப் போனாள். அவளைப் பற்றி எனக்கு இன்றும் பெருமை உண்டு.

மாதாவே என்று சொல்லிக்கொண்டு நின்றேன். டாக்டர் இன்னொரு ஊசி போட்டார். மெல்ல மெல்ல அந்தப் பனியன்காரன் உதட்டில் நிறம் வந்தது. இழுப்பு அடங்கியது. கண் வீங்கி மூடியிருந்ததால் எதையும் பார்க்க முடியாமல், முகத்தைப் பொதுவாகக் கூட்டத்தின் பக்கம் திருப்பி, "அம்மா" என்றான்.

ஜன்னலோரத்தில் விசிறிக்கொண்டிருந்த முந்தானை நின்றது.

அந்தத் தாய் கட்டிலில் கிடந்தவரைக் குனிந்து பார்த்தார். கோட்டுக்காரர் உதட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தெளிவாகச் சொன்னார்: "நான் டிரம்ஸுங்க. அப்போலேர்ந்து சொல்லிக்கினேதான் இருக்கேன்."

நடந்தது இதுதான். கோட்டுக்குள் தேனீ புகுந்ததும் மாப்பிள்ளை கோட்டையும் சட்டையையும் கழற்றி எறிந்திருக்கிறான். பின்னால் வந்த டிரம்ஸ்காரர் தலையை மூட ஏதாவது கிடைத்தால் போதுமென்று கோட்டை எடுத்துப் போர்த்தி, பிறகு கையையும் நுழைத்துக்கொண்டார். கோட்டு இருந்த இடத்தில் மாப்பிள்ளை இருப்பதாக ஊரே முடிவு கட்டிவிட்டது. தாய்மாமன் வெகுநேரம் அந்த வெள்ளைக் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மடித்துச் சின்ன டாக்டரின் மேஜையில் வைத்தார்.

அதோடு முடியவில்லை. பெண் வீட்டார் மண்டபத்திலிருந்து வந்தார்கள். இவன்தான் மாப்பிள்ளை என்று ஆஸ்பத்திரி உறுதி சொல்ல வேண்டுமாம். முகம் தெரியாத ஒருவனுக்கு எப்படிப் பெண்ணைக் கொடுப்பது? எங்கள் ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளையை உறுதி செய்யும் பழக்கம் இல்லை என்றேன். பட்டுப் புடவையோடு வந்திருந்த பெண்ணிடம், நீயே பார்த்துச் சொல்லம்மா என்றேன். அவள் பனியன்காரனையும் கோட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரு தடவதாங்க பாத்திருக்கேன். அதுவும் குனிஞ்சிக்கினு பாத்தேன்," என்றாள். "கால வேணா காட்டச் சொல்லுங்க."

பனியன்காரன் படுத்தபடியே காலை நீட்டினான். அவள் பார்த்தாள். தலையாட்டினாள்.

அந்த நேரத்தில் கரண்ட் வந்தது. லிஃப்ட் தானாகக் கீழே இறங்கியது, கதவை இழுத்துத் திறந்தார்கள். முதலில் வெளியே வந்தது ஓமந்தூர் அம்மா. வந்தவர் யாரையும் பார்க்காமல் தூக்குவாளியோடு படியில் ஏறிப் போனார். இனி அவர் லிஃப்டைத் தொட மாட்டார் என்பது அந்த நடையில் தெரிந்தது. பிறகு என் முதலாளிகள் மூவரும் வந்தார்கள். ஹால் முழுக்க வீங்கிய முகங்கள். நடுவில், தரையில் முட்டி போட்டு ஒரு கிழவரின் கழுத்திலிருந்து கொடுக்கு எடுத்துக்கொண்டிருந்தார் எதிர் கிளினிக் டாக்டர். பெரிய டாக்டர் அசையாமல் நின்றார். இதோ, முடிந்தது என் வேலை என்று நான் நினைத்தேன்.

எதிர் கிளினிக் டாக்டர் தலையைத் தூக்கவில்லை. "அண்ணே, அந்த மூலையில ஒருத்தருக்கு பிரஷர் எறங்கிக்கினு போவுது. கொஞ்சம் பாருங்க," என்றார்.

பெரிய டாக்டர் மூலைக்குப் போனார். சர்ஜன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேறொரு பக்கம் போனார். மில்லு ஐயாவுக்குத்தான் செய்ய வேலையில்லை. அவர் அனுமதி இல்லாமல் எத்தனை பேரைச் சேர்த்திருக்கிறோம் என்று சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கோ ஒளிந்திருந்த கடைசித் தேனீ அவர் மூக்கில் கொட்டியது. அவரையும் சேர்த்துக்கொண்டோம்.

ஒருவரையும் நாங்கள் இழக்கவில்லை. கல்யாணம் அடுத்த முகூர்த்தத்தில் நடந்தது. எனக்கும் பத்திரிகை வைத்துக் கூப்பிட்டார்கள், போய்வந்தேன். டிரம்ஸ்காரர் புதுக் கோட்டு ஒன்றில் வாசித்தார். தாய்மாமன் எடுத்துக் கொடுத்தது.

ஆனால் அதற்கு முன், மறுநாளே, மூன்றாவது மாடியில் என்னைக் கூப்பிட்டார்கள். விட்டுப்போன கூட்டம். முதலாளிகள் மூவருமே அன்று படியில் ஏறி வந்தார்கள். மில்லு ஐயாவின் மூக்கு இன்னும் பாதி முகத்தை அடைத்திருந்தது. வேலையை விட்டுப் போகச் சொல்வார்கள் என்று என் சாமான்களை ஒரு பையில் கட்டிக் கீழே வைத்துவிட்டுத்தான் போனேன்.

அவசர காலத்தில் முடிவெடுக்கும் பொறுப்பு இனி சிஸ்டருக்கு என்றார் மில்லு ஐயா. மற்ற இருவரும் மறுக்கவில்லை. அவர்களுக்கு என் மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மற்ற இருவரில் ஒருவருக்கு அந்தப் பொறுப்பு போய்விடக் கூடாது என்பதில் மூவருமே உறுதியாக இருந்தார்கள். நான் பார்த்தவரை, பொறுப்புகள் பலருக்கும் அப்படித்தான் வந்து சேர்கின்றன. வெட்கப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரிய டாக்டர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து நாங்க சொன்னது உண்மையிலியே கேக்கலையா?"

"மூணு பேரு சொன்னதும் கேட்டுச்சிங்க சார்."

"அப்ப இனிமே அவசரம்னா யாரு பேச்சக் கேப்ப?"

"யாருக்கு மூச்சு வாங்குதோ, அவங்க பேச்சங்க."

மூன்று மாடி ஏறி வந்த மூவரும் நாற்காலியில் சாய்ந்து இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் கீழே ஆளை அனுப்பித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.